கிருமிநாசினி சோப்பும் வெயிலும்: முகம், கழுத்து, புறங்கையில் வரும் தடிப்புக்கு எதைக் கேட்பது, எதைச் சோதிப்பது?

தோல்பிரிவு_செவிலி கேட்டது:

தோல் புறநோயாளர் பிரிவுக்காக ஒரு கேள்வித்தாள் தயாராகிறது. முகம், கழுத்தின் முன்பக்கம், முன்கை, புறங்கை ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்புமாக வருகிறவர்களிடம், டாக்டர் பார்ப்பதற்கு முன் செவிலியர் கேட்டு நிரப்ப வேண்டிய தாள். பாடப்புத்தகத்தில் "கிருமிநாசினி சோப்பு + சூரிய ஒளி = ஒளி ஒவ்வாமை" என்று ஒரு வரி இருக்கிறது. உதாரணத்துக்கு டெட்ராகுளோரோசாலிசிலானிலைடு என்று ஒரு பெயர். இன்று கடையில் விற்கும் எந்தச் சோப்பு உறையிலும் அந்தப் பெயர் இல்லை.

தெரிய வேண்டியவை: இன்றைய சோப்பில் உள்ள கிருமிநாசினிகளில் வெயிலோடு சேர்ந்து வினை செய்பவை எவை? ஃபோட்டோடாக்ஸிக், ஃபோட்டோஅலர்ஜி இரண்டையும் பார்வையிலும் கேள்வியிலும் எப்படிப் பிரிப்பது? ஃபோட்டோபேட்ச் சோதனையில் (சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி, ஒளி கொடுத்துப் பார்ப்பது) எவ்வளவு மருந்து, எவ்வளவு ஒளி, எந்த நாளில் பார்ப்பது? நோயாளி கொண்டுவரும் சோப்பையே சோதிக்கலாமா? சோப்பை நிறுத்தியும் சிலருக்கு மாதக்கணக்கில் அடங்காமல் இருப்பது ஏன்?

---

ஒளித்தோல் (தோல் மருத்துவர்):

சிஸ்டர், "என்ன சோப்பு போடுகிறீர்கள்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். கேட்டவுடன் நோயாளியின் மனம் சோப்பிலேயே நின்றுவிடும், மற்றதெல்லாம் மறந்துபோகும். முதல் பக்கத்தில் முன்னும் பின்னுமாக ஓர் உடல் படம் போடுங்கள். தடிப்பு வந்த இடத்தைச் சிவப்பில் குறிக்கட்டும். அதைவிட முக்கியம், வராத இடத்தை நீலத்தில் குறிப்பது.

ஒளியால் வருவது நிழல் விழும் இடங்களை விட்டுவைக்கும். மேல் இமை, தாடைக்கு அடிப்பகுதி, காதின் பின்புறம், மூக்கோரத்து மடிப்பு, கழுத்துச் சுருக்கங்களின் உட்பக்கம், விரல் இடுக்கு, கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் உள்ள தோல், இவையெல்லாம் சுத்தமாக இருக்கும். சட்டைக் காலர் தொடங்கும் இடத்தில் கோடு போட்டதுபோல நிற்கும். பெண்களுக்கு ரவிக்கையின் முதுகு வெட்டையும் இடுப்பையும் பாருங்கள். கார் ஓட்டுகிறவருக்கு வலது முன்கை இடதைவிட மோசமாக இருந்தால் அதுவே பெரிய தடயம். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களில், சாதாரணக் கண்ணாடி யுவி-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யுவி-ஏ கதிரை விட்டுவிடும். இந்த வகை வினைகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவது 320 முதல் 400 நானோமீட்டர் வரையிலான யுவி-ஏதான். ஆகவே "நான் வெயிலில் போவதே இல்லை, ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பேன்" என்பது ஒளியை விலக்கும் பதில் அல்ல.

மாறாக, மேல் இமை வீங்கி, காதுக்குப் பின்னும் தாடைக்குக் கீழும் தடித்திருந்தால் காற்றில் மிதந்து வந்து படியும் பொருளை நினையுங்கள். நம் ஊரில் அதற்கு முதல் சந்தேகம் பார்த்தீனியம் களை. நிழல் பார்த்து ஒதுங்க தூசிக்குத் தெரியாது.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி. ஃபோட்டோடாக்ஸிக் என்பது ஒளியை உறிஞ்சிய வேதிப்பொருள் தோல் செல்களை நேரடியாகச் சுடுவது. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அதில் வேலை இல்லை, அதனால் முதல் முறையே வரலாம். போதுமான மருந்தும் போதுமான ஒளியும் சேர்ந்தால் யாருக்கும் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் எரிச்சல், குத்தல், சிவப்பு, கடுமையானால் கொப்புளம். நோயாளி "எரியுது" என்பார். ஆறியபின் கருமை தங்கும். எல்லை கூர்மையாக இருக்கும்.

ஃபோட்டோஅலர்ஜி அப்படி அல்ல. ஒளி பட்டதும் அந்த வேதிப்பொருள் உருமாறி, தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதை உடல் அந்நியமாகப் பதிவு செய்துகொள்ள முதலில் சில நாட்களாவது வேண்டும். பதிவான பிறகு அடுத்தடுத்த முறை 24 முதல் 72 மணி நேரத்துக்குள் எக்ஸிமா மாதிரி வரும்: சிறு பருக்கள், நீர்க்கசிவு, பிறகு செதில். நோயாளி "அரிக்குது" என்பார். மூடிய இடத்துக்கும் கொஞ்சம் பரவலாம். மிகக் குறைந்த அளவே போதும் என்பதால் "கொஞ்சம்தானே பூசினேன்" என்ற பதிலை வைத்து எதையும் விலக்க முடியாது.

தாளில் "எரிச்சலா, அரிப்பா? எது முதலில்?" என்று ஒரு வரி, "வெயில் பட்டு எத்தனை மணி நேரத்தில்?" என்று ஒரு வரி. இந்த இரண்டும் பாதி வேலையை முடித்துவிடும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதையும் தாளிலேயே எழுதிவையுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தால்தான் தடிப்பு புரியும்.

---

சோப்பு_வேதியியல் (தயாரிப்புப் பிரிவு):

புத்தகத்தில் உள்ள அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இங்கிலாந்து. 1960 வாக்கில் அங்கே சோப்பில் டெட்ராகுளோரோசாலிசிலானிலைடு சேர்க்கத் தொடங்கினார்கள். நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்க நல்ல மருந்து. அதைவிடப் பெரிய சிறப்பாக அவர்கள் கருதியது, கழுவிய பிறகும் அது தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பது. அந்தச் சிறப்பே வினையானது. வேலைக்குப் போகும் ஆட்களின் முகத்திலும் கையிலும் எக்ஸிமா கூட்டம் கூட்டமாக வந்தது. தோல் மருத்துவர் டி.எஸ். வில்கின்சன் அதை ஒளியோடும் இந்தச் சோப்பு மருந்தோடும் சேர்த்து அடையாளம் கண்டு 1961இல் எழுதினார். அந்தப் பொருள் சோப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

சோப்பில் சேர்த்த மற்றவையும் அதே குடும்பம் அல்லது பக்கத்து வீடு: ட்ரைப்ரோம்சாலான், டைப்ரோம்சாலான், பித்தியோனால், ஃபென்டிக்ளோர், ஹெக்ஸாகுளோரோஃபீன். எல்லாமே பென்சீன் வளையத்தில் குளோரினோ புரோமினோ தொங்கும் ஃபீனால்கள். யுவி-ஏ பட்டதும் அந்த ஹாலஜன் அணு கழன்று, மிச்சம் இருப்பது ஒற்றை எலக்ட்ரானோடு தவிக்கும் துண்டாகிறது. அது பக்கத்தில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. டாக்டர் சொன்ன "ஒட்டுதல்" இதுதான். அமைப்பு ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். அன்று பலர் சோப்பை மாற்றியும் குணமாகாததற்கு இதுவும் ஒரு காரணம். புதிய சோப்பில் இருந்தது பழையதன் தம்பி. அமெரிக்காவில் பித்தியோனாலை அழகுசாதனங்களில் சேர்ப்பதை 1960களின் பிற்பகுதியிலும், ஹாலஜன் சேர்ந்த சாலிசிலானிலைடுகளை 1975இலும் தடுத்தார்கள்.

இன்றைய உறைகளில் நீங்கள் பார்ப்பவை: ட்ரைகுளோசான், ட்ரைகுளோகார்பன், குளோராக்ஸிலினால், பென்ஸால்கோனியம் குளோரைடு, குளோர்ஹெக்சிடின். ட்ரைகுளோசானும் ட்ரைகுளோகார்பனும் ஹாலஜன் சேர்ந்தவை என்பதால் பழைய சோதனைத் தட்டுகளில் இடம் பிடித்திருந்தன. ஆனால் ஒளி ஒவ்வாமை அவற்றால் வருவது மிக அரிது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016 செப்டம்பரில் பொதுமக்களுக்கான கிருமிநாசினிக் கைகழுவிகளிலிருந்து 19 பொருட்களை விலக்கியபோது இந்த இரண்டும் பட்டியலில் இருந்தன. அதற்குக் காரணம் ஒளி ஒவ்வாமை அல்ல. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விடக் கூடுதல் பயன் உண்டு என்றும், நீண்ட நாள் தினமும் பயன்படுத்தினால் பாதுகாப்பானது என்றும் நிறுவப்படவில்லை என்பதுதான். இந்த இரண்டையும் குழப்பி எழுதும் பதிவுகள் ஏராளம்.

குளோராக்ஸிலினால் தரும் தொல்லை பெரும்பாலும் வேறு. குளிக்கும் வாளியில் மூடி மூடியாகக் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றுவதும், கலக்காமல் அப்படியே அக்குளிலும் தொடையிடுக்கிலும் பூசுவதும் தோலைப் பொத்துவிடும். அது ஒளி சம்பந்தமில்லாத வேதிப் புண். மூடிய இடத்தில்தான் அதிகமாக இருக்கும். உடல் படத்தில் நீலமும் சிவப்பும் இடம் மாறி விழும், அதை வைத்தே பிரித்துவிடலாம்.

குளியலறையில் உண்மையிலேயே வெயிலோடு கூட்டுச் சேரும் பொருட்கள் கிருமிநாசினி சோப்புக்கு வெளியேதான் இன்று அதிகம். தார் சேர்ந்த பொடுகு ஷாம்பு ஒன்று. வீட்டில் செய்யும் சோப்பில் ஊற்றும் பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய் இன்னொன்று. மூன்றாவதை யாரும் கேட்பதே இல்லை: நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் சேர்க்கும் கார்போகரிசி. அதில் சோரலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு ஒளி சிகிச்சை தரும்போது டாக்டர்கள் கொடுக்கும் அதே மருந்துக் குடும்பம். முகத்தில் பூசி ஊறவைத்து, கழுவியும் கழுவாமலும் மாடியில் துணி காயப்போடப் போனால் இரண்டு மூன்று நாளில் சுட்டுக் கருக்கும். "மூலிகைதானே" என்று நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். தாளில் தனியாகக் கேளுங்கள்: "குளியல் பொடியில் என்னென்ன சேர்த்து அரைத்தீர்கள்?"

உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். முன்பக்கத்துப் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே சேர்ப்பதை மாற்றியிருப்பார்கள்.

---

தோல்பிரிவு_செவிலி:

கார்போகரிசி எங்கள் வரைவில் இல்லவே இல்லை, சேர்த்துவிட்டேன். மிக்க நன்றி. ஃபோட்டோபேட்ச் பற்றி யாராவது படிப்படியாகச் சொல்ல முடியுமா? எங்களிடம் இருப்பது வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் பயன்படுத்தும் நேரோபேண்ட் யுவி-பி அறை. அதுவே போதுமா?

---

பேட்ச்_அறை (ஒவ்வாமைச் சோதனைத் தொழில்நுட்பர்):

போதாது. முதல் தவறே அங்கேதான் நடக்கும். நேரோபேண்ட் குழாய் தருவது 311 நானோமீட்டர் பக்கம். உங்களுக்கு வேண்டியது யுவி-ஏ, அதாவது பூவா (சோரலெனும் யுவி-ஏயும் சேர்த்துத் தரும்) சிகிச்சைக்கான குழாய். யுவி-பியில் வைத்தால் தோல் சிவந்துபோகும், எது ஒவ்வாமை, எது வெறும் சூடு என்று தெரியாது. "வெயிலில் நிற்கவைத்தால் என்ன?" என்றும் சிலர் கேட்பார்கள். அதே காரணத்தால் வேண்டாம். அளவும் கையில் நிற்காது.

சோதனைக்கு முன்: முதுகில் தடிப்பு இருக்கக் கூடாது. முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையோ சைக்ளோஸ்போரினோ ஓடிக்கொண்டிருந்தால் தேதியை டாக்டர் முடிவு செய்யட்டும். நான்கு வாரமாக முதுகில் வெயில் படாமல் இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசியில் வியர்வையில் பட்டை பெயர்ந்துவிடும். அவசரம் இல்லை என்றால் மழைக்காலத்துக்குத் தள்ளுங்கள்.

ஒவ்வொரு பொருளும் இரண்டு தொகுதியாக ஒட்டப்படும், முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒரே வரிசையில். தண்டுவடத்துப் பள்ளத்தில் ஒட்டாதீர்கள், சரியாகப் பதியாது. 8 மில்லிமீட்டர் ஃபின் சேம்பரில் (பொருளை வைத்து ஒட்டும் சிறு அலுமினியக் கிண்ணம்) வாசலின் கலவையானால் 20 மில்லிகிராம், திரவமானால் வடிதாள் வட்டில் 15 மைக்ரோலிட்டர். அதற்கு மேல் போனால் ஓரத்தில் வழிந்து பக்கத்துக் கட்டத்தோடு கலக்கும். வெறும் வாசலின் கட்டம் ஒன்று இரண்டு பக்கத்திலும் கட்டாயம். ஒளி மட்டும் பட்டால் அந்தத் தோல் என்ன செய்கிறது என்று அது சொல்லும்.

பழைய கிருமிநாசினித் தொகுதிக்கு வழக்கமான செறிவு: டெட்ராகுளோரோசாலிசிலானிலைடு 0.1 சதவீதம், பித்தியோனால், ஃபென்டிக்ளோர், ட்ரைப்ரோம்சாலான், ஹெக்ஸாகுளோரோஃபீன் ஒவ்வொன்றும் 1 சதவீதம், ட்ரைகுளோசான் 2 சதவீதம், எல்லாம் வாசலினில். குளோர்ஹெக்சிடின் டைகுளுகோனேட் 0.5 சதவீதம் தண்ணீரில். ஆனால் நேரமும் முதுகில் இடமும் குறைவென்றால் இந்த வரிசையில் பணம் போடாதீர்கள். சன்ஸ்கிரீன் வடிகட்டிகளையும் வலி ஜெல் மருந்துகளையும் முதலில் வாங்குங்கள். இன்று பதில் வருவது அங்கேதான். சோதனைப் பொருள் உள்ள ஊசிக்குழல்களைக் குளிர்பெட்டியில், இருட்டில் வையுங்கள். ஜன்னலோரத் தட்டில் கிடந்த ஒளி ஒவ்வாமைப் பொருள் ஏற்கெனவே சிதைந்திருக்கும்.

கால அட்டவணை: திங்கள் ஒட்டுங்கள். 24 மணி நேர முறையானால் செவ்வாய், 48 மணி நேர முறையானால் புதன் எடுங்கள். எடுக்கும் அறை மங்கலாக இருக்கட்டும், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். ஒளி கொடுக்கும் முன்பே இரண்டு பக்கத்தையும் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு எதையும் ஒப்பிட முடியாது. பிறகு ஒரு பக்கத்தை ஒளி புகாத கறுப்புத் துணியாலோ அலுமினியத் தாளாலோ மூடி, ஓரங்களை ஒட்டி அடையுங்கள். திறந்த பக்கத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் யுவி-ஏ.

நேரக் கணக்கு: மீட்டரை நோயாளியின் முதுகு இருக்கும் தூரத்தில் பிடித்து அளக்கவும். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் காட்டினால், 5000 மில்லிஜூலை 5ஆல் வகுத்து 1000 விநாடி, அதாவது 16 நிமிடம் 40 விநாடி. 10 மில்லிவாட் என்றால் 8 நிமிடம் 20 விநாடி. குழாய் பழசானால் வெளியீடு குறையும், போன வருட அளவை வைத்து ஓட்டாதீர்கள். நோயாளிக்கு யுவி-ஏயே ஒத்துக்கொள்ளாத நிலை இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், முதலில் சிறு கட்டங்களில் படிப்படியாக ஒளி கொடுத்து எந்த அளவில் சிவக்கிறது என்று பாருங்கள். அது 5 ஜூலுக்குக் கீழே இருந்தால் அந்த அளவில் பாதிதான் சோதனைக்கு.

ஒளி முடிந்த உடனே ஒரு பார்வை. பிறகு 24, 48, முடிந்தால் 72 மணி நேரத்தில். 48 மணி நேரப் பார்வையை எந்தக் காரணத்துக்கும் விடக் கூடாது. இதற்கெல்லாம் நடுவே முதுகு நனையக் கூடாது, அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

ஒளி பட்ட கட்டம் மட்டும் எழும்பினால் ஒளி ஒவ்வாமை. இரண்டும் ஒரே அளவில் எழும்பினால் வெறும் தொடு ஒவ்வாமை, ஒளிக்கு அதில் பங்கில்லை. இரண்டும் எழும்பி, ஒளி பட்ட பக்கம் ஒரு படியாவது கூடுதலாக இருந்தால் தொடு ஒவ்வாமையை ஒளி கூட்டியிருக்கிறது. 24 மணியில் உச்சமாக இருந்து 72 மணியில் இறங்கிவிட்டால் ஃபோட்டோடாக்ஸிக் பக்கம் சாயுங்கள், ஏறிக்கொண்டே போனால் அலர்ஜி பக்கம்.

நோயாளியின் சோப்பைச் சோதிக்கலாம், ஆனால் அப்படியே ஒட்டவே கூடாது. சோப்பை இரண்டு நாள் மூடி வைத்தால் யார் தோலும் பொத்துப்போகும், "பாசிட்டிவ்" என்று தவறாக எழுதிவிடுவோம். 1 கிராம் சீவி 100 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து, அந்த 1 சதவீதக் கரைசலில் 15 மைக்ரோலிட்டர். ஷாம்பு, கைகழுவிக்கும் இதே கணக்கு. பூசி விட்டுவிடும் கிரீம், சன்ஸ்கிரீன், ஜெல் ஆகியவற்றை அப்படியே வைக்கலாம். கரைசலில் பதில் வரவில்லை என்றால் சோப்பு நிரபராதி என்றும் முடிவு கட்டாதீர்கள். 1 சதவீதச் சோப்புக் கரைசலில் கிருமிநாசினி அதைவிட நூறு, இருநூறு மடங்கு குறைவாகத்தான் இருக்கும். உள்ளே உள்ள பொருளைத் தனியாகச் சரியான செறிவில் வைத்தால்தான் உறுதி.

இதை வீட்டில் யாரும் முயலக் கூடாது. கையில் சோப்பைப் பூசி மாடியில் போய் நின்று பார்ப்பது சோதனை அல்ல, புண்ணுக்கு வழி.

---

யாழ்_பொதுச்சுகாதாரம்:

சவர்க்காரத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறம், விழுங்கிற கிருமிகொல்லியையும் சேர்க்க வேணும். எங்கட பக்கம் வயலுக்குள்ள இறங்கிற கமக்காரருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பாக டொக்ஸிசைக்கிளின் கிழமைக்கு 200 மில்லிகிராம் குடுக்கிறது வழமை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவினபோது இந்தக் குளிசையின்ர பெயர் எல்லாருக்கும் பழக்கமாயிட்டுது. குடிக்கிறவர் நாள் முழுக்க வெய்யிலில் நிற்கிற ஆள். வயல் தண்ணியில் பட்டுத் திரும்பிற ஒளியும் மேலே ஏறும். மூக்கு, கன்னம், புறங்கை, பாதத்தின்ர மேல்பக்கம் எரியத் தொடங்கும்.

இது ஒவ்வாமை இல்லை, ஃபோட்டோடொக்ஸிக். அளவு கூடக் கூட எரிவும் கூடும். அதனால் "எனக்கு இந்தக் குளிசை ஒத்துக்கொள்ளாது" எண்டு அட்டையில் எழுதிப்போட்டு வாழ்நாள் முழுக்க நிப்பாட்டத் தேவையில்லை. எலிக்காய்ச்சல் உயிரை எடுக்கும், வெய்யில் எரிவு எடுக்காது. எரிவுக்குப் பயந்து தடுப்பை விடாமல் இருக்கச் செய்யிறதுதான் எங்கட வேலை.

கமக்காரருக்குச் சொல்ல வேண்டியது: குளிசையைப் பின்னேரச் சாப்பாட்டோட, ஒரு முழுக் கிளாஸ் தண்ணியோட எடுங்கோ, ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் படுங்கோ, இல்லாட்டி நெஞ்சுக் குழாய் புண்ணாகும். இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவு மருந்து எடுக்கிற ஆள் எண்டால் ரெண்டுக்கும் இடையில சில மணித்தியாலம் விடுங்கோ. மருந்து உடம்பில் பாதியாகக் குறைய 16 முதல் 22 மணித்தியாலம் எடுக்கும். ஆகவே பின்னேரம் எடுத்தால் அடுத்த நாள் மத்தியானம் அளவு இறங்கியிருக்கும், ஆனால் முழுக்கப் போகாது. முதல் ரெண்டு நாளும்தான் கவனம். அண்டைக்கு முழுக்கைச் சட்டையும் அகலமான தொப்பியும். நனைஞ்ச மெல்லிய வெள்ளைச் சட்டை கிட்டத்தட்ட ஒண்டும் போடாத மாதிரித்தான், இறுக்கமா நெய்த கடும் நிறத்துணி வேணும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் குளிசை இல்லை.

---

மருந்தாளுநர்_மதுரை:

அண்ணன் சொன்னதோடு சேர்த்து, தாளில் "கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட மாத்திரை, பூசிய களிம்பு, எந்தத் தேதியில் தொடங்கினீர்கள்" என்ற கட்டத்தைப் பெரிதாக விடுங்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

பாக்டீரியா மருந்துகளில் டாக்ஸிசைக்ளினுக்கு அடுத்துக் கேட்க வேண்டியது குயினலோன் வகை. எல்லாம் ஒன்றல்ல. மூலக்கூறின் 8ஆம் இடத்தில் ஹாலஜன் உள்ள ஸ்பார்ஃப்ளாக்சசின், லோமிஃப்ளாக்சசின் மோசம். சிப்ரோஃப்ளாக்சசின் நடுவில். அதே இடத்தில் மீத்தாக்ஸி உள்ள மாக்ஸிஃப்ளாக்சசின் மிகக் குறைவு. மாற்று தேவைப்படும்போது டாக்டருக்கு இது உதவும். கோட்ரைமாக்ஸசோலும் பட்டியலில் உண்டு. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டவரின் நகத்தையும் பாருங்கள். எரிச்சல் ஆறிய பிறகு, இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழித்து, நகம் நுனியிலிருந்து தூக்கிக்கொண்டு வரும். பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் வேறு மருந்து கொடுத்துவிடக் கூடாது.

காசநோய் மருந்து சாப்பிடுகிறவர் கழுத்தைச் சுற்றிக் கருத்த மாலை போட்டதுபோல வந்தால் வேறு கதை. ஐசோனியாசிட் உடலில் பி6ஐக் குறைத்து, அதன் வழியாக நியாசினையும் குறைத்துப் பெலாக்ரா வரவைக்கலாம். சரியாகச் சாப்பிடாதவர், தினமும் குடிப்பவர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. வயிற்றுப்போக்கும் மனக் குழப்பமும் உண்டா என்று கேளுங்கள். அவருக்குத் தேவை சோப்பு மாற்றமல்ல, நியாசினும் பி6உம். மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது.

பூசுவதில் முதலிடம் கீட்டோப்ரோஃபென் வலி ஜெல். முழங்கால் வலிக்குப் பூசியவர் கையைக் கழுவாமல் முகத்தைத் தொட்டிருப்பார். பூசுவதை நிறுத்தியும் இரண்டு வாரம் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. அதற்கு ஒளி ஒவ்வாமை வந்தவருக்கு ஆக்டோக்ரிலீன் உள்ள சன்ஸ்கிரீனும், கொழுப்புக்குச் சாப்பிடும் ஃபீனோஃபைப்ரேட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பாதுகாப்புக்குக் கொடுத்த சன்ஸ்கிரீனே தடிப்பைக் கிளப்புவது இப்படித்தான். இவர்களுக்குத் துத்தநாக ஆக்ஸைடு மட்டும் உள்ளதைக் கொடுங்கள். உறையில் எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் யுவி-பி பற்றிய அளவு. யுவி-ஏ தடுப்பு பிஏ குறியில் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கூட்டு மாத்திரைகளின் பெயரில் அது ஒரு எழுத்தாக ஒளிந்திருக்கும்.

அரிப்புக்கு டைஃபென்ஹைட்ரமின் கலந்த கலமைன் கொடுக்க வேண்டாம், அதுவே ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒன்றாகக் கலந்த களிம்பை முகத்தில் பூசிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. தாளில் அதற்கும் ஒரு வரி.

---

தோல்பிரிவு_செவிலி:

கடைசிக் கேள்வி மிச்சம் இருக்கிறது, டாக்டர். பொருளை நிறுத்தியும் அடங்காதவர்கள்?

---

ஒளித்தோல்:

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கும். அடங்காவிட்டால் முதலில் நினைக்க வேண்டியது, பொருள் உண்மையிலேயே நிற்கவில்லை என்பது. வீட்டில் மற்றவர் போடும் சோப்பு, துண்டு, தலையணை உறை, வேலை இடத்தின் கைகழுவி, பழைய சன்ஸ்கிரீன், பக்கத்து வீட்டார் கொடுத்த ஜெல். வேதிப்பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வணிகப் பெயர் மட்டும் எழுதினால் தம்பி, தங்கை வேறு பெயரில் வந்து சேரும்.

அடுத்தது, அந்த இங்கிலாந்துச் சோப்புக் காலத்தில் மருத்துவர்களைக் கவலைப்படவைத்த நிலை. சிலருக்குப் பொருள் போய் ஆண்டுகள் ஆகியும் ஒளிக்கு மட்டுமே தோல் எழும்பியது. யுவி-ஏக்கு மட்டும் தொடங்கியது, யுவி-பிக்கும் பரவியது. இன்று நாம் நாள்பட்ட ஒளித் தோல்அழற்சி என்று வைக்கும் பெட்டிக்குள் இதுவும் அடங்கும். வெளியே நடமாடும் வயதான ஆண்கள்தான் அதிகம். பேட்ச் ஒட்டாத வெறும் தோலில் யுவி-ஏ, யுவி-பி இரண்டையும் தனித்தனியாகப் படி படியாகக் கொடுத்து எதற்கு, எந்த அளவில் எழும்புகிறது என்று பார்த்தால்தான் இது தெரியவரும். நம் ஊரில் இதே தோற்றத்தைப் பார்த்தீனியம் உண்டாக்கும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். ஆகவே ஃபோட்டோபேட்ச் வைக்கும் நாளிலேயே பார்த்தீனியம் பேட்சையும் வைத்துவிடுங்கள். முதுகை இரண்டு முறை கேட்க வேண்டியதில்லை.

அதுவரை சிகிச்சை: குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. கைக்கு மோமெட்டசோன் 0.1 சதவீதம், முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம், இரண்டும் சில நாட்களுக்குத்தான். முகத்துக்கு நீண்ட நாள் தேவைப்பட்டால் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. அளவு, ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு, விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு. சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதில் பாதி பூசினால் உறையில் போட்ட எண் கிடைக்காது.

காலை பத்துமுதல் மூன்றுவரை வெளியே போகாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்த அறிவுரை யுவி-பிக்குப் பொருந்தும். யுவி-ஏ காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் போதுமான அளவு இருக்கும். பேருந்தில் எந்தப் பக்க ஜன்னல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, யுவி-ஏயை ஏறக்குறைய முழுவதும் தடுக்கும். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அந்தத் திறன் பெரும்பாலும் இல்லை. ஓட்டுநர்களுக்கு வலது கைக்கு மட்டும் ஒரு துணி உறை போதும், மலிவு, அடர்த்தியாக நெய்ததா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.